கடன், தப்பிதம், குற்றம்: நம் பாவ அறிக்கையின் சொற்களைப் பற்றி ஒரு திறனாய்வு

பல சபையார் ஒன்றுகூடும் ஐக்கிய ஜெபக் கூட்டங்களில் கலந்துகொண்டோர் யாவரும் ஒன்றை அறிவர். கர்த்தருடைய ஜெபத்தைச் சொல்லத் தொடங்கும்போது எல்லாக் குரல்களும் ஒன்றாகவே செல்லும். அன்றன்றுள்ள அப்பத்தைக் கேட்டு முடிந்ததும் குரல்கள் பிரியும். சிலர் 'கடன்' என்பர். சிலர் 'குற்றம்' என்பர். கத்தோலிக்க சகோதரர் 'பொறுத்தருளும்' என்று முடிப்பர். சிறிது நேரக் குழப்பத்திற்குப்பின், சோதனையைப் பற்றிய விண்ணப்பத்தில் எல்லாரும் மறுபடியும் ஒன்றுசேர்வர். புதுக்கோட்டை மாவட்டத்து ஊர்களில் பல ஆண்டுகளாக இதைக் கேட்டுவருகிறேன். அப்பம் கேட்பதில் ஒருமனப்பட்ட நாம், எதற்காக மன்னிப்புக் கேட்கிறோம் என்பதைச் சொல்லும் இடத்தில் மட்டும் பிரிந்து நிற்பது சிந்திக்கத்தக்கது.

இதை வெறும் மொழிபெயர்ப்பு வேறுபாடு என்று தள்ளிவிடலாமா? தள்ளலாகாது என்பதே இக்கட்டுரையின் கருத்து. குறையையும் குற்றத்தையும் குறிக்கும் சொற்களைத் திருமறைத் தமிழ் எவ்வாறு கையாண்டுள்ளது, அச்சொற்களை நம் சபைகள் இன்று எவ்வாறு கையாளுகின்றன என்னும் இரண்டையும் ஈண்டு ஆராய முற்படுகிறேன். பின்னதைச் சொல்லும்போது என்னையும் சேர்த்தே சொல்லவேண்டியிருக்கிறது.

1. ஒரு விண்ணப்பம், மூன்று சொற்கள்

தரங்கம்பாடியில் சீகன்பால்க் வெளியிட்ட புதிய ஏற்பாடு 1714-15ஆம் ஆண்டுகளில் அச்சேறியது. பப்ரிசியுஸ் ஐயரின் புதிய ஏற்பாடு 1772இல் வெளிவந்தது. பவர் ஐயரின் தலைமையில் உருவாகி, இன்றளவும் நம் பெரும்பாலான சபைகள் வாசிக்கும் ஐக்கியத் திருப்புதல் 1871ஆம் ஆண்டினது. கத்தோலிக்கரும் சீர்திருத்தச் சபையாரும் இணைந்து உருவாக்கிய திருவிவிலியம் 1995இல் வெளிவந்தது.

1871ஆம் ஆண்டுத் திருப்புதலை எடுத்துக்கொள்வோம். மத்தேயு 6:12இல் மன்னிக்கப்படவேண்டியது 'கடன்'. இரண்டே வசனங்கள் தள்ளி, 6:14இல் அது 'தப்பிதம்'. லூக்கா 11:4இல் அதுவே 'பாவம்'. ஆயினும் அங்கே நாம் மன்னிக்கவேண்டிய மனிதன் 'கடன்பட்டவன்'. மொழிபெயர்ப்பாளர் தடுமாறினர் என்று எண்ணவேண்டியதில்லை. கிரேக்க மூலத்திலேயே ஒஃபெய்லேமா, பராப்தோமா, ஹமர்த்தியா என மூன்று சொற்கள் உள்ளன. முதலாவது, செலுத்தவேண்டியிருந்து செலுத்தப்படாதது. இரண்டாவது, வழியிலிருந்து சறுக்கி விழுதல். மூன்றாவது, குறி தவறுதல். அவர்கள் மூன்றையும் மூன்றாகவே வைத்தனர். அது நேர்மையான பணி. ஆங்கில ஜெபப்புத்தக மரபைப் பின்பற்றிய ஆராதனை முறைகளும், பின்னர் திருவிவிலியமும், மத்தேயுவின் விண்ணப்பத்தில் 'குற்றம்' என்னும் சொல்லை அமைத்துக்கொண்டன. வாசிப்பவருக்கு எளிதில் விளங்கவேண்டும் என்பதே அதன் நோக்கமாக இருந்திருக்கும். விளங்கியது மெய்யே. ஆனால் அந்த எளிமைக்காக நாம் ஒன்றை இழந்திருக்கிறோம்.

இழந்தது எது என்பதை எனக்குக் காட்டியவர் ஓர் எளிய விதவைத் தாயார். ஒரு கிராமச் சபையில் இந்த விண்ணப்பத்தைப் பற்றி அருளுரை ஆற்றிவிட்டு வெளியே வந்தபோது அவர் கேட்டார்: "ஐயா, கடன மன்னியும்னு ஆண்டவருகிட்ட கேக்குறோம். செவ்வாக்கிழம வர்ற குழுக்காரரு மன்னிக்க மாட்டேங்குறாரே. அப்ப இது எந்தக் கடன்?"

"அம்மா, இது ஆத்துமக் கடன்" என்று சொல்லி அனுப்பிவிட்டேன். அந்த விடை தவறன்று, ஆனால் போதாது. நம் ஆண்டவர் பேசிய அரமேய மொழியில் கடனையும் பாவத்தையும் குறிக்க ஒரே சொல் வழங்கியது. கடன்பட்டு நிலத்தையும் பிள்ளைகளையும் இழந்த மக்களின் நடுவில் அவர் அச்சொல்லைச் சொன்னார். பதினாயிரம் தாலந்து மன்னிக்கப்பட்டவன் நூறு வெள்ளிப்பணத்துக்காக உடன்வேலைக்காரனின் தொண்டையைப் பிடித்த உவமையும் (மத். 18:23-35) அவர் சொன்னதே. உபாகமம் 15ஆம் அதிகாரத்தின் விடுதலை ஆண்டும் அவர் கேட்போருக்குத் தெரிந்ததே. அச்சொல்லை ஆத்துமத்திற்கு மட்டும் உரியதாக்கிய நான், அந்தத் தாயாரின் செவ்வாய்க்கிழமையை ஆண்டவரின் ஜெபத்திலிருந்து வெளியே தள்ளிவிட்டேன்.

தமிழிலும் 'கடன்' பணத்தோடு முடியும் சொல்லன்று. கடமை என்பதும் அதன் பொருளே. தாய்க்கும் தந்தைக்கும் கொல்லனுக்கும் வேந்தனுக்கும் உரிய கடன் இன்னின்னது என்று வகுத்துக் கூறும் பாட்டு புறநானூற்றில் உண்டு. காலைக்கடன் என்றும் நீத்தார்கடன் என்றும் இன்றும் சொல்கிறோம். நான் ஆற்றவேண்டியிருந்து ஆற்றாமல் விட்டது கடன். நன்மை செய்ய அறிந்தும் செய்யாதவனுக்கு அது பாவம் என்று யாக்கோபு (4:17) உரைப்பதும் இதுவே. 'குற்றம்' என்னும்போது என்ன செய்தேன் என்று எண்ணுகிறோம். 'கடன்' என்னும்போது யாருக்கு என்ன செய்யாமற்போனேன் என்று எண்ணவேண்டியிருக்கிறது. பின்னதே கடினமான கேள்வி.

2. தமிழ்ச் சொற்கள் தருபவை

சங்கீதம் 51இன் தொடக்கத்தில் மீறுதல், அக்கிரமம், பாவம் என மூன்று சொற்கள் அடுத்தடுத்து வருகின்றன. எபிரெயத்தில் அவை முறையே பெஷா, ஆவோன், ஹத்தாத். முதலாவது கலகம், இரண்டாவது கோணல், மூன்றாவது குறி தவறுதல். இந்த மூன்றாவதன் வேர்ச்சொல், நியாயாதிபதிகள் 20:16இல் இடதுகைப் பழக்கமுள்ள எழுநூறு கவண்காரரைப் பற்றிய இடத்தில் தன் பழைய பொருளிலேயே நிற்கிறது. அவர்கள் மயிரிழையும் குறி பிசகாதவர்கள். நம் திருப்புதல் அங்கே 'தப்பு' என்னும் வினையை வைத்திருக்கிறது.

இது எண்ணத்தக்கது. நம் வீடுகளில் பிள்ளைகளைக் கண்டிக்கும் 'தப்பு' என்னும் எளிய சொல், குறி தப்புதலையும் குறிக்கிறது, நெறி தப்புதலையும் குறிக்கிறது. 'தவறு' என்பதும் அவ்வாறே: கை தவறுகிறது, கால் தவறுகிறது, மனிதனும் தவறுகிறான். ஹத்தாத், ஹமர்த்தியா என்னும் சொற்களுக்கு இவ்வளவு நெருங்கிய சொற்களை நாம் பிரசங்க மேடையில் மிகச் சாதாரணமானவை என்று ஒதுக்கிவிட்டோம்.

'பிழை' என்பதற்கு இன்னொரு ஆழமும் உண்டு. தவறு செய்தலும் பிழைத்தல். உயிர் தப்பி வாழ்தலும் பிழைத்தல். விசுவாசத்தினால் நீதிமான் அடையும் வாழ்வைச் சொல்ல, ரோமர் 1:17இல் நம் திருப்புதல் பயன்படுத்தும் வினை 'பிழைப்பான்' என்பதே. பிழைசெய்தவன் பிழைக்கிறான் என்பதைவிடச் சுருக்கமாக நற்செய்தியைத் தமிழில் சொல்ல இயலுமோ என்று நான் வியந்ததுண்டு. சொல்லின் இந்த ஒற்றுமையைக்கொண்டு கோட்பாடு ஒன்றைக் கட்டலாகாது. ஆனால் போதிக்கும்போது பயன்படுத்தலாம்.

'குறை' என்பதைப் பற்றித் திருப்புதலின்மேல் எனக்கு ஒரு முறையீடு உண்டு. ரோமர் 3:23இல் எல்லாரும் பாவஞ்செய்து தேவமகிமை 'அற்றவர்கள்' ஆனார்கள் என்று வாசிக்கிறோம். கிரேக்க வினையின் பொருள் 'குறைவுபடுதல்'. அதே வினை லூக்கா 15:14இல் இளைய குமாரனைப் பற்றி வரும்போது, இதே திருப்புதல் 'குறைவுபட' என்று சரியாகவே மொழிபெயர்த்துள்ளது. இரண்டிற்கும் உள்ள வேறுபாடு சிறிதன்று. 'அற்றவன்' என்றால் ஒன்றுமே இல்லாதவன். குறைவுபட்டவனோ, தூரதேசத்தில் பன்றிகளின் நடுவில் இருந்தாலும், தகப்பன் வீட்டை நினைவுகூரக்கூடிய மகன். பாவிகளை ஒன்றுமில்லாதவர்களாகக் காட்டும் நம் பிரசங்க வழக்கத்திற்கு இந்த 'அற்ற' என்னும் சொல்லும் ஒரு துணையாக இருந்திருக்கக்கூடும்.

இனி 'பாவம்' என்னும் சொல்லுக்கு வருவோம். வடமொழிப் பாபத்திலிருந்து வந்த இச்சொல்லுக்கு மக்கள் வழக்கு ஒரு புதுப்பொருளைத் தந்துள்ளது. தாயை இழந்த குழந்தையைக் கண்டால் "ஐயோ, பாவம்" என்கிறோம். அங்கே அச்சொல் இரக்கத்தைக் குறிக்கிறது. குற்றச்சாட்டின் நிழலும் அங்கில்லை. வேதபண்டிதர் சிலர் இதைச் சொல்லின் சீரழிவு என்பர். எனக்கு அவ்வாறு தோன்றவில்லை. பாவத்தைச் செய்தவன் அதனால் அழிகிறவனும் ஆவான். ஆவோன் என்னும் எபிரெயச் சொல்லும் அக்கிரமத்தையும் அதன் விளைவான தண்டனையையும் ஒருங்கே குறிக்கும். திரளான ஜனங்களைக் கண்டு மனதுருகிய ஆண்டவரின் பார்வையில் இவ்விரு பொருளும் சேர்ந்தே இருந்தன. நாமோ மேடையில் ஒன்றையும் தெருவில் மற்றொன்றையும் வைத்துக்கொண்டோம்.

3. சொற்கள் யார்மேல் விழுகின்றன

இதுவரை சொன்னவை அகராதியைப் பற்றியவை. ஆனால் சொற்களின் உண்மையான பொருள் அவை யாருக்கு வழங்கப்படுகின்றன என்பதில்தான் வெளிப்படுகிறது.

நம் வேதாகமத் திருப்புதல் வெளிவந்த அதே 1871ஆம் ஆண்டில், ஆங்கில அரசு குற்றப் பரம்பரைச் சட்டத்தை இயற்றியது. பிறப்பினாலேயே சில சமூகங்களைக் குற்றவாளிகள் என்று பதிவுசெய்யும் சட்டம் அது. 1911ஆம் ஆண்டுச் சட்டத்தின்மூலம் அது சென்னை மாகாணத்திற்கும் வந்தது. அதை எதிர்த்த மக்களில் பலர் 1920 ஏப்ரல் 3ஆம் நாள் பெருங்காமநல்லூரில் சுட்டுக்கொல்லப்பட்டனர். சென்னை மாகாணத்தில் 1947இல் அச்சட்டம் நீக்கப்பட்டது. 'குற்றம்' என்னும் சொல், செயலைவிட்டுப் பிறப்பின்மேல் ஏறி அமர்ந்தால் என்ன நேரும் என்பதற்கு இதைவிட வேறு சான்று வேண்டுவதில்லை.

பிறவிக் குருடனைக் கண்ட சீடர்கள், பாவஞ்செய்தவன் இவனோ, இவனைப் பெற்றவர்களோ என்று கேட்டனர் (யோவான் 9). ஆண்டவர் அந்தக் கேள்வியின் இரண்டு பக்கங்களையும் மறுத்தார். உடலின் குறையை ஒழுக்கத்தின் குற்றமாக்கும் வழக்கத்தை அவர் அங்கேயே முறித்துவிட்டார். தமிழக அரசு 'ஊனமுற்றோர்' என்பதை விடுத்து 'மாற்றுத்திறனாளிகள்' என்னும் சொல்லை 2010இல் ஏற்றது. ஆண்டவர் மறுத்ததைச் சொல்லளவிலாவது மறுக்க, அரசாங்கம் நமக்கு முந்திக்கொண்டது. நம் சபைகளிலோ குழந்தையில்லாத பெண்ணிடம் "ஏதாவது அறிக்கையிடாத பாவம் உண்டோ" என்று கேட்கும் ஊழியர் இன்னும் இருக்கிறார்கள். ஜாதகத் தோஷத்தை மூடநம்பிக்கை என்று கண்டிக்கும் நாம், நம் சொந்தத் தோஷம் ஒன்றை உண்டாக்கிவைத்திருக்கிறோம்.

என் சொந்த ஊழியத்திலிருந்து ஒன்றைக் கூறவேண்டும். பல ஆண்டுகளுக்கு முன், நான் பணிசெய்த ஒரு சேகரத்தில், ஒரே ஆண்டில் இரண்டு காரியங்கள் நடந்தன. அறுப்பின் பண்டிகைக்கு வந்த நெல்லிலிருந்து ஒரு கூலிப்பெண் இரண்டு படி எடுத்துச் சென்றார். சபையார் முன்னிலையில் அறிக்கையிடச் செய்தோம். குழுவின் நிகழ்ச்சிக் குறிப்பில் 'திருட்டு' என்று எழுதினேன். சில மாதங்களுக்குப்பின், காணிக்கைக் கணக்கில் கணிசமான தொகை காணாமற்போனது. பொறுப்பிலிருந்தவர் செல்வாக்குள்ள குடும்பத்தவர். குறிப்பில் நான் எழுதியது: 'கணக்கில் சிறு குறைவு நேர்ந்துள்ளது.' பெண் செய்தார். பணமோ தானாகக் குறைந்தது. ஒன்றிற்கு எழுவாய் இருந்தது, மற்றொன்றிற்கு இல்லை. இரண்டு வாக்கியங்களையும் எழுதிய கை ஒன்றே. இலக்கணப் பிழை எதுவும் அவற்றில் இல்லை. அதுவே என்னை இன்றும் வருத்துகிறது.

திருக்குறளில் 'குற்றங்கடிதல்' என்னும் நாற்பத்துநான்காம் அதிகாரம் எங்கே அமைந்துள்ளது என்பதைக் கவனிக்கவேண்டும். அது பொருட்பாலில், அரசியலில் உள்ளது. முதலில் தன் குற்றத்தை நீக்கிக்கொண்டு பிறர் குற்றத்தைக் காணும்படி வள்ளுவர் அறிவுறுத்துவது ஆளுகிறவனையே. நாத்தான் தாவீதிடம் சென்றதும் அதே திசையில்தான். நம் சபை ஒழுங்கு நடவடிக்கைகளோ பெரும்பாலும் எதிர்த்திசையில் செல்கின்றன.

4. 'சம்பவம்' என்னும் சொல்

2022 டிசம்பர் இறுதியில், நம் மாவட்டத்து வேங்கைவயலில், பட்டியல் சாதி மக்கள் குடிக்கும் மேல்நிலை நீர்த்தொட்டியில் மனிதக் கழிவு கலந்திருந்தது தெரியவந்தது. அதையொட்டி அவ்வூர்ப் பகுதிக்கு வந்த அதிகாரிகள் முன்பு, தேநீர்க் கடையின் இரட்டைக் குவளை முறையும் கோயில் நுழைவு மறுக்கப்பட்டதும் வெளிவந்தன. 2023 ஜனவரியில் வழக்கு சி.பி.சி.ஐ.டி. விசாரணைக்கு மாற்றப்பட்டது. 2025 ஜனவரியில், அதே குடியிருப்பைச் சேர்ந்த மூவர்மேல் அத்துறை குற்றப்பத்திரிகை அளித்தது. அங்குள்ள மக்கள் அதை ஏற்க மறுத்தனர். செய்தவர் யார் என்று தீர்ப்பது என் வேலையன்று. நான் கேட்பது வேறு.

அச்செய்தி பரவிய வாரத்தின் ஞாயிறு, 2023 ஜனவரி முதல் நாள். புத்தாண்டு ஆராதனை. ஆலயம் நிறைந்திருந்தது. பொது ஜெபத்தில் அதைப்பற்றி நானும் ஒரு வாக்கியம் சொன்னேன்: நம் மாவட்டத்தில் நடந்த வருந்தத்தக்க சம்பவத்திற்காக ஜெபிக்கிறோம் என்றேன். 'சம்பவம்' என்றால் நிகழ்ந்தது. மழையும் சம்பவிக்கிறது, விபத்தும் சம்பவிக்கிறது. நம் திருமறை தரும் மீறுதல், அக்கிரமம், தப்பிதம், பாவம், குற்றம், கடன் ஆகிய ஆறு சொற்களில் ஒன்றுகூட அன்று என் வாயில் வரவில்லை. யாரையும் குற்றஞ்சாட்டாமல் 'அக்கிரமம்' என்று சொல்லியிருக்கலாம். இரட்டைக் குவளையைப் பற்றி, நம் சபையாரில் எத்தனைபேர் அதைக் கண்டும் காணாமல் தேநீர் அருந்தியிருப்போம் என்பதை நினைத்து, 'எங்கள் கடன்' என்று சொல்லியிருக்கலாம். சபையில் யாருடைய மனமும் புண்படலாகாதே என்று அஞ்சினேன். புண்பட்டிருந்த மனம் எது என்பதை எண்ணவில்லை.

5. வழுவமைதியும் மன்னிப்பும்

தமிழ் இலக்கணத்தில் வழு, வழாநிலை, வழுவமைதி என்னும் பகுப்பு உண்டு. இலக்கணம் பிறழ்வது வழு. பிறழ்ந்தும் தக்க காரணம் இருப்பதால் ஏற்றுக்கொள்ளப்படுவது வழுவமைதி. பசுவை உவகை மிகுதியால் 'அம்மை வந்தாள்' என்று உயர்திணையாகச் சொல்வது போன்றது. அழகிய ஏற்பாடு இது. அருளுரைகளில் இதை மன்னிப்புக்கு உவமையாக நானே கூறியிருக்கிறேன். இன்று அதைத் திருத்திக்கொள்ள விரும்புகிறேன்.

வழுவமைதிக்குக் காரணம் வேண்டும். காரணம் கிடைத்தவுடன் வழு வழுவாக எண்ணப்படுவதில்லை. மன்னிப்போ, காரணம் எதுவும் சொல்லமுடியாத இடத்தில்தான் தொடங்குகிறது. குற்றம் குற்றமாகவே நிற்க, அதைச் செய்தவன் ஏற்றுக்கொள்ளப்படுகிறான். செல்வாக்குள்ளவருக்கு நான் அளித்தது வழுவமைதி. கூலிப்பெண்ணுக்கு அளித்தது தண்டனை. மன்னிப்பை இருவருக்குமே நான் அளிக்கவில்லை.

இங்கே கத்தோலிக்கரின் 'பொறுத்தருளும்' என்னும் சொல்லை நன்றியோடு நினைக்கிறேன். பொறுத்தல் என்பது தாங்குதல், சுமத்தல். மன்னிப்பதைக் குறிக்க எபிரெயத்தில் வழங்கும் நாஸா என்னும் வினைக்கும் தூக்குதல், சுமத்தல் என்பதே அடிப்படைப் பொருள். யோவான் 1:29இல் தேவ ஆட்டுக்குட்டியைப் பற்றி நம் திருப்புதல் 'சுமந்துதீர்க்கிற' என்று கூறுவதும் இதே திசையில் உள்ளது. மன்னிக்கப்பட்ட பாவம் காற்றில் கரைந்துவிடுவதில்லை. யாரோ ஒருவர் அதைச் சுமக்கிறார். சிலுவை இதைத்தான் சொல்கிறது.

6. முடிவாகச் சில

ஆகவே, ஐக்கிய ஜெபக் கூட்டத்தில் குரல்கள் பிரியும் அந்தச் சிறு நேரத்தை நான் இப்போது குழப்பமாகக் கேட்பதில்லை. கடன் என்போர் செய்யாமல் விட்டதை நினைப்பூட்டுகின்றனர். குற்றம் என்போர் செய்ததை நினைப்பூட்டுகின்றனர். பொறுத்தருளும் என்போர் அதைச் சுமப்பவரை நினைப்பூட்டுகின்றனர். மூன்றையும் ஒரே சொல்லாக்க ஒரு குழு அமைக்கவேண்டிய அவசியம் இருப்பதாகத் தோன்றவில்லை. ஒவ்வொரு சபையும் மற்றவரின் சொல்லைத் தன் போதனையில் சேர்த்துக்கொண்டால் போதும்.

உடன் ஊழியருக்கு மூன்று காரியங்களைத் தாழ்மையாய் முன்வைக்கிறேன். முதலாவது, பாவ அறிக்கை ஆயத்தம் செய்யும்போது 'நேர்ந்தது', 'நடந்தது', 'சம்பவித்தது' என்னும் வினைகளை நீக்கி, 'செய்தேன்', 'செய்தோம்', 'செய்யாமல் விட்டோம்' என்று எழுதுவோம். இரண்டாவது, உடலின் குறையையும் பிறப்பையும் வறுமையையும் குறிக்கும் இடத்தில் பாவம், குற்றம் என்னும் சொற்களைக் கொண்டுவராதிருப்போம். அங்கே ஒரு சொல் வேண்டுமானால், தெருவில் மக்கள் சொல்லும் இரக்கத்தின் 'பாவம்' போதும். மூன்றாவது, குழுவின் நிகழ்ச்சிக் குறிப்பில் ஒருவரைப் பற்றி எழுதும் சொல்லை, அவரைவிடப் பெரியவர் ஒருவர் அதையே செய்திருந்தால் எழுதியிருப்போமா என்று கேட்டுக்கொண்டு எழுதுவோம்.

அந்த விதவைத் தாயாரிடம் நான் மறுபடியும் சென்றேன். செவ்வாய்க்கிழமைக் கடனும் ஆண்டவருக்குத் தெரியும் என்றும், அதைப்பற்றிச் சபையே கலந்துபேசவேண்டியிருந்தது, அதை நாங்கள் செய்யாமல் விட்டது எங்கள் கடன் என்றும் சொன்னேன். அவர் சற்று நேரம் பேசாமல் இருந்தார். பிறகு, "அப்ப நீங்களும் அந்த எடத்துல சத்தமாச் சொல்லுங்கய்யா" என்றார்.